ரேஷியோ அக்காவும் தேயிலை டப்பாவும்

ஜாதகமே பார்க்காமல் ஒரு கம்பெனியின் ஆயுளைச் சொல்லக்கூடிய ஒரே பிறவி பதுளை மாவட்டத்தில் எங்கள் ரேஷியோ அக்காதான். ஹாலிஎலக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தேயிலை ஃபெக்டரியில் அவர் கணக்காளர், நான் கிளார்க். லுணுகலைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்து, தபாலிலேயே படித்து மேலே வந்தவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

எவர் வந்தாலும் இரண்டே கேள்வி. "ஒரு வருசத்துக்குள்ள கைக்கு வர்றது எவ்வளவு? அதுக்குள்ள கட்ட வேண்டியது எவ்வளவு?" முதலாவதை இரண்டாவதால் வகுப்பார். நடைமுறை விகிதம் என்பது அதுதான். விடை ஒன்றுக்குக் கீழே போனால் வந்தவருக்குப் பிளேன் டீ கூடக் கிடைக்காது.

தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களையே அவர் விடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா வீடு, காணி, வேன் என்று அடுக்கிக்கொண்டு போனார்.

"வேன் லீசிங்குங்களா மாமா?"

"ஆமாம்மா."

"மாசா மாசம் தவணைக்கு வீட்டையா விப்பீங்க? கையில என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

பாதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தவர்கள்தான். திரும்பி வரவேயில்லை.

அப்படிப்பட்டவர் முன்னால் கொழும்பிலிருந்து ஒரு கம்பெனி மேனேஜர் டை கட்டி வந்து உட்கார்ந்தார். எங்கள் தேயிலைத் தூள் மொத்தமும் அவர்களுக்காம். விலையும் அதிகமாம். பணம் மட்டும் மூன்று மாதம் கழித்து. முதலாளி பேனாவைத் திறந்தேவிட்டார். எங்களுக்குத் தேயிலைக் கொழுந்து தருகிற அத்தனை குடும்பத்துக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் கொடுத்தாக வேண்டும்.

அக்கா கம்பெனியின் சொத்தும் கடனும் எழுதிய ஐந்தொகையைக் கேட்டு வாங்கினார். ஒரு ரூபாய்க் கடனுக்கு இரண்டு ரூபாய்ச் சொத்து.

"பாத்தியா, ரெண்டு!" என்றார் முதலாளி.

அக்கா, மேனேஜர் பரிசாகக் கொண்டுவந்த தேயிலை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். எல்ல என்ற ஊருக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்காக அடித்த டப்பா. அடியில் இருந்த காலாவதித் தேதி எப்போதோ முடிந்திருந்தது.

"இது மாதிரி ஸ்டோர்ல எவ்வளவு கெடக்கு சேர்?"

மேனேஜர் டையைத் தளர்த்தினார். அக்கா சொத்தில் அந்த விற்காத இருப்பைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்தார். விரைவு விகிதம். ஒரு ரூபாய்க் கடனுக்கு நாற்பது சதம்தான் நின்றது.

"கைக்காசுன்னா தூள் தர்றோம்."

"எங்களையே சந்தேகப்படுறீங்களா?"

"உங்கள இல்ல சேர். உங்க டப்பாவ."

மேனேஜர் எழுந்து போய்விட்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கு ஃபெக்டரி அதே ஒப்பந்தத்தை வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டது. எங்கள் முதலாளி அக்காவோடு பேசுவதையே நிறுத்தினார். நடுவில் துண்டுச்சீட்டோடு ஓடியவன் நான். "அடுத்த மாசம் உன் எடத்துக்கு வேற ஆள் பாக்கணும்" என்ற சீட்டையும் நான்தான் கொடுத்தேன். வாசித்தார். "எழுத்துப்பிழை இருக்கு" என்றார்.

அந்த மாதம் முடிவதற்குள் கொழும்புக் கம்பெனியின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பள்ளத்தாக்கு ஃபெக்டரிக்கு ஒரு சதமும் வரவில்லை. தூளைக் கைக்காசுக்கே விற்றிருந்த எங்களிடமோ தீபாவளிக்கு முன்னாலேயே கொழுந்துக் காசு முழுதாகக் கைக்குக் கை போனது. முதலாளி எல்லார் முன்னாலும் அக்காவுக்கு மாலை போட்டார். வெடிகூடக் கொளுத்தினார்கள்!

காசு வாங்கிய பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்தார்கள். "விடுங்கடி, வேல கெடக்கு" என்று அதட்டினார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அவர் கண் கலங்கியதை அன்று நான் பார்த்துவிட்டேன். திட்டுவார் என்று இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை.