ஒரு பாயிண்ட் கூட வராத கடன்

நாட்டின் சுதந்திரத் தேதி 1956ஆம் ஆண்டு மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்றும் குறையாத இன்னொரு சுதந்திர அறிவிப்பு, போன வருடம் தங்கா பத்துவில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டின் வரவேற்பறையில், கைலியோடு நின்றபடி வெளியிடப்பட்டது. கூட்டம் அதிகமில்லை. மனைவி உஷாராணி மட்டும்தான். அவளும் ஷிஃப்ட் முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னையிலேர்ந்து நான் ஃபைனான்ஷியலி ஃப்ரீ," என்றார் சேகரன்.

"வேலைய விட்டுட்டீங்களா?"

"அடிமைத்தனத்த விட்டுட்டேன்."

லூபோக் சீனா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பத்தொன்பது வருடம் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர் சேகரன். மூன்று மாதம் விடாமல் வீடியோ பார்த்ததில் அவருக்கு ஞானம் பிறந்திருந்தது. சிக்கனமாக வாழவேண்டும், கடனைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தவேண்டும். இந்த இரண்டும் தெரிந்தவனுக்குச் சம்பளம் எதற்கு?

சிக்கனம் அன்றே அமலுக்கு வந்தது. உஷாராணி வேலைக்குக் காடி ஓட்டிப் போகும்போது ஏர்கோன் கூடாது. உஷாராணி சமைக்கும்போது ஒரு விளக்கு போதும். உஷாராணியின் தீபாவளிச் சேலை "அடுத்த நிதியாண்டுக்கு" ஒத்திவைக்கப்பட்டது. சேகரனின் புதுக் கைப்பேசி மட்டும் செலவுக் கணக்கில் வராது. அது "முதலீட்டுக் கருவி".

ஆனால் அவருடைய மேதைமை பளிச்சிட்டது கடனில்தான். சம்பளம் இல்லாதவருக்கு எந்த வங்கியும் அட்டை தராது. அதனாலென்ன? உஷாராணியின் சம்பளச் சீட்டைக் காட்டி மூன்று கிரெடிட் அட்டைகளுக்கு விண்ணப்பித்தார். அவர் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். மூன்றிலும் தமக்கு ஒரு துணை அட்டை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்குச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, அலுவலகம் போகிற மிடுக்கோடு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்க் கல்லா வரிசையில் நிற்பார்.

"அக்கா, காசுலயா கட்டப் போறீங்க? ஐயோ, வேஸ்ட் லா! அந்தக் காச என்கிட்ட குடுங்க. உங்க சாமானுக்கு நான் கார்டு போடறேன். உங்களுக்கு ரெண்டு வெள்ளி கழிவு, எனக்குப் பாயிண்ட்."

இப்படித் திரண்ட ரொக்கத்துக்கு "மூலதனம்" என்று பெயர். அதில் கொஞ்சம் அட்டைகளின் குறைந்தபட்சத் தவணைக்குப் போகும். மிச்சம், அவருக்கு ஞானம் அளித்த வீடியோ குருவின் "மில்லியனர் வட்டம்" சந்தாவுக்கு. குரு ஏற்கெனவே மில்லியனர் ஆகியிருந்தார். வட்டத்தில் மற்றவர்கள் வரிசையில் இருந்தார்கள்.

இந்தப் பொற்காலத்தில்தான் உஷாராணி ஒரு சில்லறைப் பிரச்சினையோடு வந்தாள். அவளுக்குச் சிப் தொழிற்சாலையில் வேலை. தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பன்னிரண்டு மணிநேரம் லென்ஸ் வழியே பார்க்கவேண்டும்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை கம்பெனில கண் டெஸ்ட். ஃபெயிலானா கண்ட்ராக்ட் போட மாட்டாங்களாம். கண்ணாடி போட்டா பாஸாயிடுவேன். தாவூது பாய் கடையில முந்நூத்து எம்பது வெள்ளி."

சேகரன் கண்களை மூடித் திறந்தார். "கண்ணாடிங்கறது அசெட்டா, லயபிலிட்டியா?"

"கண்ணுங்க அது."

"உணர்ச்சிவசப்படாத உஷா. பாயிண்ட்ஸ் சேந்திருக்கு. கேட்டலாக்ல எடுத்தா ஃப்ரீ."

புதன்கிழமை முழுவதும் கேட்டலாக்கை ஆராய்ந்தார். கண்ணாடிக் கடை வவுச்சர் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதே பாயிண்டுக்குச் சக்கரம் வைத்த பயணப்பெட்டியும் இருந்தது. பெட்டியின் அசல் விலை ஐந்நூறு ரிங்கிட். ஐந்நூறு ரிங்கிட் பொருளை விட்டுவிட்டு முந்நூற்று எண்பது ரிங்கிட் பொருளை எடுப்பவன் மடையன். சேகரன் மடையன் அல்ல. பெட்டியை எடுத்தார்.

"பெட்டியா? நாம எங்க போகப் போறோம்?"

"சுதந்திர மனுஷன் எங்க வேணும்னாலும் போலாம் லா."

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது உஷாராணியின் முகத்தில் புதுக் கண்ணாடி இருந்தது.

"ஏது காசு?" என்று பதறினார் சேகரன்.

"சம்பளம் போட்டதும் குடு தங்கச்சின்னாரு பாய். நோட்டுல கூட எழுதிக்கல."

சேகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். "கேஷ்பேக் இல்ல, வவுச்சர் இல்ல... ஒரு பாயிண்ட் கூட வராத கடன வாங்கிட்டு வந்து நிக்கிறியே! கடன் வாங்கறதுக்கு ஒரு அறிவு வேணாமா?"

அவளுக்கு அது காதில் விழவில்லை. மேசையில் கிடந்த வங்கிக் கடிதங்களில் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்குப் பொடி எழுத்து தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தது. அடுத்ததை எடுத்தாள். மூன்றையும் படித்தாள்.

"முப்பத்தொம்பதாயிரம் வெள்ளி. எல்லாம் என் பேர்லயா?"

"பேருதான் உன்னுது. மேனேஜ்மெண்ட் பூரா நான்தானே?" என்றார் சேகரன் பெருந்தன்மையோடு.

வெள்ளிக்கிழமை உஷாராணி கண் சோதனையில் கடைசி வரி வரை படித்துத் தேறினாள்.

சனிக்கிழமை சேகரனுக்கு நல்ல வேட்டை. தஞ்சோங் கிளிங்கில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் காளியம்மா, இரண்டு தள்ளுவண்டி நிறையச் சாமானோடு வந்திருந்தாள். அறுநூற்று நாற்பது ரிங்கிட். காசு கைமாறியது. சேகரன் அட்டையை நீட்டினார். இயந்திரம் மறுத்தது. இரண்டாவது அட்டை. மறுத்தது. மூன்றாவதுக்கும் அதே கதி.

தவறு வங்கியுடையதுதான் என்று சபைக்கு நிரூபிக்க, மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "உஷா, கார்டு எதுவும் போகல. பேங்க் சிஸ்டம் டவுன் போலிருக்கு."

"சிஸ்டம் நல்லாதான் இருக்கு. உங்க கார்ட எல்லாம் நேத்தே நிறுத்தச் சொல்லிட்டேன். ஓவர்டைம் பாத்தாவது மிச்சக் கடன நானே கட்டிக்கிறேன். வைக்கிறேன், கம்பெனில லைன் ஓடுது."

கல்லாப் பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"தம்பி," என்றாள் காளியம்மா, "கார்டு யாருது?"

"வைஃபுதுக்கா."

"கடன் கட்டறது?"

"வைஃபுதான்."

"அப்ப நீ என்னதான் செய்யற?"

சேகரன் நிமிர்ந்தார். "நான் ஃபைனான்ஷியலி ஃப்ரீக்கா."

காளியம்மா அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் தன் நோட்டுகளை எடுத்துக் கல்லாவில் வைத்தாள். இப்போது சேகரனிடம் வேலை இல்லை, அட்டை இல்லை, பையில் ஒரு சென் காசு இல்லை. உலகில் எதையும் சாராத மனிதராக, அவர் லட்சியத்தின் உச்சியில் நின்றார்.

"கொஞ்சம் நகரு தம்பி," என்றாள் காளியம்மா. "பின்னால வேலைக்குப் போறவங்க நிக்கிறாங்க."