வேடியப்பன் போனில் அமுங்காத பட்டன்

"அமுக்கறேன், அமுங்கல. அவ்ளோதான். வெச்சிடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் வேடியப்பன்.

மறுமுனையில் தனசேகரன் தன் போனையே முறைத்துப் பார்த்தான். காலையிலிருந்து ஊரே அமுக்கிய பட்டன் அது. சங்கராபுரத்தில் அமுங்கியது. திருப்பூரில் அமுங்கியது. துபாயில் கிரேன் ஓட்டுகிற ஒருவன் உச்சாணியில் உட்கார்ந்தபடியே அமுக்கியிருந்தான். யார் அமுக்கியே ஆக வேண்டுமோ, அந்த மனுஷன் கையில் மட்டும் அமுங்கவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் உரக்கடை மாடியில் தனசேகரனின் கடை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் ஆடுகிற பத்திரிகை செய்து கொடுப்பான். போனில் திறந்தால் பிள்ளையார் காது ஆட்டுவார், குத்துவிளக்கு எரியும், பூ உதிரும், நாதஸ்வரம் வாசிக்கும். இதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர். படத்தை அவன் வரைவான். பட்டன் மாதிரி சாமான்கள் எல்லாம் அதற்குள்ளேயே ரெடிமேடாக இருக்கும். கடையில் ஜன்னல் வாங்கிச் சுவரில் பதிக்கிற மாதிரி எடுத்துப் பதிக்க வேண்டியதுதான். எவனோ செய்த ஜன்னல். திறக்கவில்லை என்றால் எவனைப் போய்க் கேட்பது?

இந்தத் தடவை கல்யாணம் கடைக்குச் சொந்தக்காரர் வீட்டில். கச்சிராயபாளையம் காசிநாதன், மகள் ஜெயசுதாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். பூவும் விளக்கும் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொன்னார். கேட்டது ஒன்றே ஒன்று.

"கீழ 'வருகிறேன்'னு ஒரு பட்டன் வை. என் மச்சான் வேடியப்பன் அதை அமுக்கணும். அமுக்குனா அவன் பேரு உனக்கு வந்துடணும். நீ எனக்குச் சொல்லணும்."

"நேர்ல போய்க் கூப்புட்டா இன்னும் நல்லா இருக்குமேங்க?"

"அவன் வூட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்."

காசிநாதனின் கரும்பு டிராக்டர் வேடியப்பன் வரப்பில் ஏறி இறங்கியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆறேழு வருசம் ஆகிவிட்டது. வரப்புகூட ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது, மனுஷர்கள்தான் சரியாகவில்லை. ஆனால் பெண்ணுக்குத் தாய்மாமன் அவர் ஒருத்தர்தான். மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். காசிநாதனின் மனைவி லட்சுமியம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"என் தம்பி வரலைன்னா பொண்ணு மணையில குந்தமாட்டா. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

அந்த இஷ்டம்தான் இப்போது தனசேகரன் தலையில் விடிந்திருந்தது. வேடியப்பன் போனை வைத்ததும் காசிநாதன் கூப்பிட்டார்.

"அமுக்கிட்டானா?"

"பட்டன் அமுங்கலைன்றாருங்க."

"இங்க பாரு. கோவத்துல அமுக்கலைன்னா அது என் தலையெழுத்து. உன் கோளாறுல அமுக்கலைன்னா மூட்டையக் கட்டிக்கினு மாடிய வுட்டு எறங்கிடு. போய் இன்னான்னு பாரு."

"தனியாவா? எனக்கு அவரைத் தெரியாதுங்களே."

போனுக்குள் லட்சுமியம்மாள் குரல் கேட்டது. "தெரியாத ஆளைப் பாத்தா அவன் நாயை அவுத்துவுட்டுடுவான். நீங்களும் கூடப் போங்க. வெறுங்கைய வீசிக்கினு போவாதீங்க."

"வாசல் வரைக்கும்தான் போவேன்" என்றார் காசிநாதன்.

கோமுகி அணையைத் தாண்டி மலை அடிவாரத்தில் வேடியப்பன் வீடு. காசிநாதன் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். மடியில் பழத்தட்டு. வேடியப்பன் போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, பல்லைக் கடித்து, கட்டை விரலால் அழுத்தினார். பிள்ளையார் காது ஆட்டியதோடு சரி.

"பாத்தியா? ஒண்ணுமில்ல."

"குடுங்க, நான் அமுக்கிப் பாக்கறேன்."

"நான் கல்யாணத்துக்கு வரேன்னு நீ எப்படிப்பா சொல்லுவ? எட்டி நில்லு." அப்படியே கேட் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெளிய யாரோ வெயில்ல குந்திக்கினு கீறாங்க. மரத்தடிக்கு வரச் சொல்லு."

கேட் பத்தடி தூரம்கூட இல்லை.

"எனக்கு வெயில்தான் புடிக்கும்னு சொல்லு" என்றார் காசிநாதன்.

"அவருக்கு வெயில்தான் புடிக்குமாங்க" என்றான் தனசேகரன்.

வேடியப்பனின் மனைவி இருசம்மாள் வந்து பழத்தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரைக் குடைந்ததில் தனசேகரனுக்கு ஒன்று அகப்பட்டது. உதிர்கிற பூவெல்லாம் பட்டனுக்கு மேலே ஓர் அடுக்காக இருந்தது. கண்ணாடித் தாளைப் போர்த்திய மாதிரி. விரல் பூவில் படுகிறது, பட்டனில் படவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் பூவை அடியோடு எடுத்துவிட்டு எல்லோருக்கும் புதுப் பத்திரிகை அனுப்பினான். ஊருக்கெல்லாம் அதே பூவோடு எப்படி அமுங்கியது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் எங்கே யோசிக்கிறான்?

முதல் போன் சங்கராபுரத்திலிருந்து, மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து.

"நேத்து பூ கொட்டிச்சு. இன்னிக்கு நின்னு போச்சு. எங்க பையன் கிட்ட இன்னா கொறையக் கண்டீங்க?"

இரண்டாவது போன் வேடியப்பன். "இப்பவும் அமுங்கல."

மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை தட்டில் பழத்தோடு மிக்சரும் இருந்தது. வெயில் கொளுத்தியதால் காசிநாதன் கேட்டுக்குள் வந்து வேப்பமரத்தடியில் நின்றார். நிற்கிறவர் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வேடியப்பன் கையை விரித்துக் காட்டினார். "கரும்பு வெட்டுன கை. உங்க போன் கண்ணாடிக்கு இது ஒறைக்குமா?"

தனசேகரனுக்குப் பளிச்சென்றது. விரல் தடித்தது, பட்டன் சின்னது! அன்றைக்கே பட்டனை இழுத்துப் பெரிதாக்கினான். தோசைக்கல் அளவுக்கு ஆனதும் நிறுத்தினான். அது மாப்பிள்ளை இளமாறனின் படத்தில் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

சாயங்காலம் இளமாறனே கூப்பிட்டான்.

"சார், என் மூஞ்சி மேல 'வருகிறேன்'னு எழுதியிருக்கு. ஆபீஸ்ல ஆளாளுக்கு மூக்குலயே குத்தறாங்க."

"ஒரு பெரியவருக்காகப் பெருசு பண்ணேன் சார்."

"ஜெயசுதாவும் என் மூக்குல குத்தி, கல்யாணத்துக்கு வருகிறேன்னு சொல்லியிருக்கா சார்."

"அது நல்லதுதானே சார்?"

இளமாறன் போனை வைத்துவிட்டான். அடுத்த போன் வேடியப்பன். "பெருசாத்தான் கீது. அமுங்கல."

மூன்றாவது தடவை மழை தூறியது. காசிநாதன் வேறு வழியில்லாமல் வாசல் பந்தலுக்குக் கீழே வந்தார். இருசம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். உட்கார்ந்தார். டீ வந்தது. ஒரு வாய் குடித்தார்.

"டீயில இனிப்பே இல்லைன்னு சொல்லு" என்றார் தனசேகரனிடம்.

வேடியப்பனும் தனசேகரனைப் பார்த்தே சொன்னார். "அந்தாளு ரத்தத்துல போதுமான அளவு கீதுன்னு எங்க அக்கா சொல்லிச்சாம். அதான் கம்மியாப் போட்டுதுன்னு சொல்லு."

"உங்க ரத்தத்துல..." என்று ஆரம்பித்தான் தனசேகரன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் காசிநாதன். டீயை மிச்சம் வைக்கவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் தனசேகரன் பட்டனைத் திட்டிக்கொண்டே வந்தான். இனிமேல் பட்டனே வேண்டாம் என்று முடிவு செய்தான். விரலும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். போனைக் கையில் பிடித்து ஆட்டினால் போதும், கெட்டிமேளம் முழங்கும், வருகிறேன் என்று பதிவாகிவிடும். ராத்திரிக்குள் செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

அவன் மறந்தது கச்சிராயபாளையம் ரோட்டை.

காலை டவுன் பஸ்ஸில் பத்திரிகையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர். பஸ் முதல் பள்ளத்தில் இறங்கியதும் அத்தனை போனிலும் கெட்டிமேளம் கொட்டியது. டிரைவர், எவனோ பஸ்ஸுக்குள் தாலி கட்டுகிறான் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டார். நிறுத்தினதும் சத்தம் நின்றது. எடுத்தார், மறுபடியும் கொட்டியது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரர் ஒருவர் மட்டும் ஆலை போய்ச் சேருவதற்குள் முந்நூறு தடவை வருவதாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் காசிநாதன் கத்தினார். "டேய், என் பொண்ணு கல்யாணத்துக்கு எத்தினி பேருடா வராங்க? சமையக்காரன் அண்டா பத்தாதுன்றான்!"

"ரோடு நல்லா இருந்தா கம்மியாத்தான் வருவாங்க."

"வேடியப்பன் ஆட்டுனானா?"

"தோள்பட்டை புடிச்சுக்கிச்சாம். கையை ஆட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்."

"தோள்பட்டையா? எப்பலேர்ந்து?" என்றார் காசிநாதன், வேறு குரலில். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நாளைக்குள்ள அவன் பேரு வரலைன்னா நீ காலி" என்றார்.

தனசேகரன் தோற்றுப்போனான். செய்த மாற்றத்தையெல்லாம் அழித்தான். பூ திரும்பி வந்தது, மாப்பிள்ளைக்கு மூக்கு திரும்பி வந்தது, பட்டன் பழைய அளவில் பழைய இடத்தில் உட்கார்ந்தது. முதல் நாள் செய்த அதே பத்திரிகை. அதையே எல்லோருக்கும் அனுப்பினான். கேட்டால் புத்தம் புதுசு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாலாவது தடவை போனபோது காசிநாதன் தட்டோடு தைல பாட்டிலும் கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றினார். காலைக் கழுவினார். தான் என்ன செய்கிறோம் என்று நினைத்துப் பார்ப்பதற்குள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

வேடியப்பன் போனை நெஞ்சோடு அணைத்தார். பல்லைக் கடித்தார். அழுத்தினார். தனசேகரன் கண்ணை மூடிக்கொண்டான்.

பிள்ளையார் காது ஆட்டினார். அவ்வளவுதான்.

"இன்னா படிச்சானோ" என்றார் வேடியப்பன். "ஒரு பட்டனை ஒழுங்கா வெக்கத் தெரியல."

"நான் மொதல்லயே சந்தேகப்பட்டேன்" என்றார் காசிநாதன். "பல்பு சுவிட்சு போடறவன்கூட இதைவிட நல்லாப் போடுவான்."

"பூவை எடுத்தான், மூக்கை மூடுனான், கையை ஆட்டச் சொன்னான். இவனுக்குத் தொழிலே தெரியல மாமா."

மாமா என்ற வார்த்தை கூடத்தில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. காசிநாதன் தைல பாட்டிலின் மூடியைத் திருகினார், மறுபடியும் மூடினார்.

"எந்தத் தோளு மச்சான்?" என்றார்.

"வலது."

"சட்டையக் கழட்டு."

தைல வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அதன் நடுவில் இரண்டு பேரும் தனசேகரனை மாற்றி மாற்றித் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரைத் திட்டினார்கள், அதைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார்கள், உரக்கடை மாடிப்படி குறுகலாக இருப்பதைத் திட்டினார்கள். மாடியைக் கட்டியவரே காசிநாதன்தான். இருசம்மாள் உள்ளே சாப்பாட்டுக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

தனசேகரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து வாசலுக்கு வந்து நின்று கத்தினான்.

"போதுங்க. கடையை வேணும்னா காலி பண்ணிக்கறேன். இப்பவே போய் அந்தப் பட்டனைப் புடுங்கி எறிஞ்சுடறேன். இவரு வராரா இல்லையான்னு நீங்களே வாயால கேட்டுக்கங்க. இனிமே பட்டனைச் சரி பண்றேன்னு யாரும் இந்தப் பக்கம் வர வேணாம்."

உள்ளே ஒருவர் காதிலும் விழவில்லை. "கீழ, இன்னும் கொஞ்சம் கீழ" என்று வேடியப்பன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தனசேகரன் வண்டியை உதைத்தான். அது கிளம்புவதற்குள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருசம்மாள் கேட்டுக்கு ஓடி வந்தாள். ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, எங்க வூட்டுக்காரரு அந்தப் பட்டன் மேல இன்னும் வெரலையே வெக்கல, முகூர்த்தம் முடியற வரைக்கும் நீ அதைச் சரி பண்ணிடாத."