முத்துக்குத் தண்ணீர் ஆகாது

ஒவ்வொரு மனிதனுக்கும் அவன் பிறந்த மாதத்துக்கென்று ஒரு கல் உண்டு. பூமிக்கடியிலோ கடலுக்கடியிலோ அது அவனுக்காகவே பொறுமையாகக் காத்துக் கிடக்கிறது. இந்தப் பேருண்மை தெரியாமலேயே மனிதகுலம் இத்தனை காலம் எப்படித்தான் பிழைப்பை ஓட்டியதோ! கல் இல்லாமலே கல்யாணம் செய்துகொண்டார்கள், கல் இல்லாமலே அலுவலகம் போனார்கள், கல் இல்லாமலே ஓய்வும் பெற்றார்கள். இந்த இருள் நீங்குவதற்காகப் புள்ளியியல் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் தம் வலது கை மோதிர விரலை அர்ப்பணித்தார். அந்த வரலாறுதான் இது.

வரலாற்றைப் பக்கத்திலிருந்தே பார்க்கும் பேறு பெற்றவர் அவருடைய மனைவி. மருத்துவமனையில் மருந்தாளர். சன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து நீளும் கைகளில் மாத்திரையை வைத்து, இது சாப்பாட்டுக்கு முன்னால், அது பின்னால் என்று பகலெல்லாம் தொண்டை வறளச் சொல்பவர். தலைமை மருந்தாளர் ஆவதற்கு ஒரு தேர்வு இருந்தது. போன தடவை எழுதினார். வீட்டு வேலை முடித்துப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கண் சொருகியது; தேர்வும் போயிற்று. வயது வரம்புப்படி இந்தத் தடவைதான் கடைசி. தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது கணவர் தாமாகவே முன்வந்து ஒரு பிரகடனம் செய்தார்.

"நீ படி. அடுப்படிய நான் பாத்துக்கறேன்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, கேலி இல்லை.

பிரகடனம் மூன்று நாள் அமலில் இருந்தது. மூன்றாம் நாள் அடிப்பிடித்த சட்டி ஒன்றோடு கண்காணிப்பாளர் வெகுநேரம் மல்லுக்கட்டினார். சட்டி ஜெயித்தது. நான்காம் நாள் மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது விரலில் ஒரு முத்து மோதிரம் இருந்தது.

பிறந்த மாதத்துக்குரிய கல், மாசக் கணக்குப் பார்த்து எடுத்தது என்று அவர் விளக்கினார். அதன் 'குணநலன்கள்' மூன்று: மன அமைதி, பொறுமை, குடும்ப ஒற்றுமை. மனைவி மகிழ்ந்துபோனார். ஒற்றுமை வரட்டும், நல்லதுதானே. சாப்பிட்டு முடித்தபின் கணவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"முத்துக்குத் தண்ணி ஆகாது," என்றார் வருத்தத்தோடு.

"கடல்லயே பொறந்து வளர்ந்தது. குழாய்த் தண்ணிக்குத் தாங்காதா?"

"கடல்ல சோப்பு ஏது?"

இந்தப் பதிலில் இருந்த விஞ்ஞான கனத்தை மறுக்க முடியாமல் மனைவி, கழற்றி வைத்துவிட்டுத் தேய்க்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். மூன்று மாதம் கழற்றவே கூடாதாம். அப்போதுதான் கல் உடம்போடு ஒட்டுமாம். தேர்வுக்கு மீதி இரண்டு மாதத்துக்கும் குறைவாக இருந்தது தற்செயல். சரி, ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். முத்து மூச்சு விட வேண்டும், அதை மூட்டைகட்டி அடைப்பது பாவம் என்று கணவர் சொன்னார். இடது கை ஒன்று சும்மாதானே இருக்கிறது என்று மகள் எடுத்துக் கொடுத்தாள். மகள் பெரியவர்கள் பேச்சில் தலையிடக் கூடாது என்று தீர்மானமாயிற்று.

அன்றிலிருந்து 'இரத்தினப் பராமரிப்பு நெறிமுறைகள்' நாளொரு மேனியாக வளர்ந்தன. எலுமிச்சை, தக்காளி இரண்டும் அமிலம். முத்தின் மேல்பூச்சை அரித்துவிடும். ஆகவே காய் நறுக்குவது தடை. அடுப்பின் சூடு மினுமினுப்பைக் குறைக்கும். ஆகவே சமையல் தடை. துடைப்பம் கிளப்பும் தூசு கீறல் போடும், பெருக்குவது தடை. துணி உலர்த்தப் போனால் வெயில். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் கோபம் வரும், கோபம் வந்தால் வியர்க்கும், வியர்வையிலும் அமிலம் இருக்கிறது. முத்துக்குத் தீங்கு செய்யாதவை என்று ஆய்வில் கண்டறியப்பட்டவை செய்தித்தாள், தொலைக்காட்சி, மெத்தை ஆகியவை மட்டுமே.

கண்காணிப்பாளர் கல்லுக்காகப் படாத பாடு பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். குளிக்கும்போது வலது கையை மேலே தூக்கியபடியே குளித்தார், கூட்டத்தில் பேச அனுமதி கேட்பவர் போல. முதுகு தேய்க்க முடியவில்லை. அந்தத் தியாகத்தைப் பற்றி அவர் யாரிடமும் குறைசொன்னதில்லை. அலுவலகத்தில் பழைய கோப்புகளைத் தூசு தட்டும் பணி வந்தபோது, 'கனிமக் காரணங்களை' முன்னிட்டு விலக்கு வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பெற்றார். முத்து கனிமம் அல்ல என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

மாமியார் தொலைபேசியில் மருமகளுக்குப் புத்தி சொன்னார். மகனுக்கு நல்லகாலம் பிறக்கிறபோது குறுக்கே நிற்கக் கூடாது, அவன் கையை நனைக்கவே விடாதே என்பது அதன் சாரம். மருமகள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சரிங்கத்தே, சரிங்கத்தே என்றபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கல் பலித்தது. அதில் சந்தேகமே வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு அப்பேர்ப்பட்ட மன அமைதி வந்து சேர்ந்தது.

ஒரு மாலை, மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்து மேசையில் நச்சு முறிவு மருந்துகள் என்ற அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தார். படித்தபடியே தூங்கிப்போனார். கணவர் அடுப்படி வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

"பால் பொங்குது," என்றார் அமைதியாக.

மனைவி எழவில்லை. கொஞ்சம் பொறுத்து, இன்னும் அமைதியாகச் சொன்னார்: "பொங்கி வழியுது."

தீய்ந்த நாற்றத்தில்தான் மனைவி விழித்தார். ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். ஏங்க, எட்டி அணைக்கக் கூடாதா என்று கேட்டார். ஆவி வருகிறதே என்று கணவர் விரலைக் காட்டினார். மனைவி கருகிய பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, குழாய்ச் சத்தத்தில் அழுதார். இந்தத் தடவையும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி ஓய்வு பெறும்வரை அதே சன்னல், அதே முன்னால், அதே பின்னால்.

மறுநாள் கணவரிடம் போய் நின்றார்.

"எனக்கும் தண்ணி ஆகாத கல்லு ஒண்ணு வாங்கித் தாங்க."

கண்காணிப்பாளர் முதலில் பூரித்தார், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு பேருக்குமே தண்ணீர் ஆகாது என்றால் நிர்வாகம் என்ன ஆவது? அதெல்லாம் நம் இஷ்டத்துக்கு எடுக்கிற சமாச்சாரம் இல்லை, மாதம் என்ன சொல்கிறதோ அந்தக் கல்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாதத்தையே கேட்டுவிடலாம் என்று மனைவி செருப்பை மாட்டினார். அவர் மட்டும் தனியாகப் போவது உசிதமில்லை என்று பட்டதால் கணவரும் கூடவே கிளம்பினார்.

கல் வியாபாரியின் கடை ஓர் ஆள் திரும்பக் கூட இடமில்லாத சின்னக் கடை. கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டிருந்தவர், வந்தவர்களைக் கண்டதும் அதை எடுத்தார். மனைவி பிப்ரவரி என்றதும் ஊதா நிறச் செவ்வந்திக்கல்லை எடுத்து வைத்தார். தண்ணீரில் கழுவலாம், வெயிலில் மட்டும் நாள்கணக்காகப் போட வேண்டாம், நிறம் வெளுக்கும் என்றார். தண்ணீர் ஆகாத கல்லாக வேண்டும், இவருக்குக் கொடுத்தது போல என்று மனைவி கேட்டார். கணவர் இருமினார். வியாபாரி தொழில்மானம் உள்ளவர். இருமலுக்கு மசியவில்லை.

"முத்து ஜூன்ல பொறந்தவங்களுக்கும்மா. சார் ஜூலைன்னு சொன்னாரு. ஜூலைக்கு மாணிக்கம். நல்லதா எடுத்து வச்சேன். எப்படிப் பாத்துக்கணும்னு கேட்டாரு. கெட்டியான கல்லு, சோப்புத் தண்ணியில ப்ரஷ் போட்டே கழுவலாம், எந்த வேலை செஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னேன். சார் முகம் வாடிப்போச்சு. தண்ணியே படக் கூடாத கல்லு இருக்கான்னு கேட்டாரு."

கடையில் அமைதி நிலவியது. அது முத்து தந்த அமைதி இல்லை.

"மூணு மாசம் கழட்டக் கூடாதுன்னு சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"நானா? வெளியே போய்ட்டு வந்தா மொதல்ல கழட்ட வேண்டியதே முத்தத்தான்."

மனைவி கணவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "நான் பாஸ் பண்ணக் கூடாதுன்னு நெனச்சீங்களா?"

"சேச்சே," என்றார் கண்காணிப்பாளர். உண்மையிலேயே பதறிப்போனார். "நீ பாஸ் பண்ணணும்னுதான் நெனச்சேன். பாத்திரம் மட்டும்தான்..."

முத்து அங்கேயே கழன்றது, சுலபமாகவே கழன்றது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு மாணிக்கத்தை அவர் விரலில் மாட்டியபின்தான் மனைவி கடையை விட்டு இறங்கினார். செவ்வந்திக்கல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

மாணிக்கத்தின் குணங்கள் துணிச்சலும் தலைமைப் பண்பும் என்பது நிபுணர் கருத்து. கண்காணிப்பாளர் அன்று முதல் பாத்திரங்களுக்குத் துணிச்சலோடு தலைமை தாங்கினார். அடிப்பிடித்த சட்டிகள் ஒவ்வொன்றாகப் பணிந்தன. தக்காளியும் நறுக்கினார். இரண்டு கையாலும் முதுகு தேய்த்துக் குளித்தார். மனைவி மீதியிருந்த அத்தியாயங்களை விழித்திருந்தே படித்தார், எழுதினார், தேறினார்.

தலைமை மருந்தாளராகச் சம்பளம் வாங்கியதும் தமக்கென்று ஒரு செவ்வந்திக்கல் எடுக்க அதே கடைக்குப் போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் மற்ற தட்டுகள் நிறைந்திருக்க, முத்துத் தட்டு மட்டும் துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது. ஜூன் மாதத்தில் அவ்வளவு பேரா பிறக்கிறார்கள் என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

வியாபாரி செவ்வந்திக்கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"முத்து வாங்கினவங்கள்ல ஒருத்தர்கூட ஜூன்ல பொறக்கலம்மா. எல்லாரும் ஆம்பளைங்க. எல்லார் வீட்லயும் பொண்டாட்டி வேலைக்குப் போறாங்க."