வேர்வை நின்றுபோன மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்குத் தங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் மகள் சுகம், பேத்தி சுகம், பேத்தி வளர்க்கும் பூனைகூடச் சுகம். நான் மட்டும் காய்ந்துபோய்க் கிடக்கிறேன். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

தாங்கள் அடுத்த வாரம் என் ஆபீசைப் பார்க்க வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வர வேண்டாம். அப்போது ஆபீஸ் இருக்கும், நான் இருக்க மாட்டேன்.

வேலையைப் பற்றித் தாங்கள் கேட்கும்போதெல்லாம் "டெஸ்டிங்" என்று சொல்லி மழுப்பியிருக்கிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் கம்பெனி, ஓடுகிறவர்களும் எடை தூக்குகிறவர்களும் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் செய்கிறது. டப்பாவில் 'எவ்வளவு வேர்த்தாலும் பாடும்' என்று போட்டிருக்கிறார்கள். பாடுகிறதா என்று பார்க்க, வேர்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே, அது நான்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ட்ரெட்மில்லில் ஏறி வேர்க்க வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். என் வேர்வையைப் பற்றித் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெண் கேட்டு வந்த அன்று நான் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, குளிச்சுட்டுத் துவட்டாமலே வந்துட்டியா?" என்று கேட்டவர் தாங்கள். காலமெல்லாம் மானத்தை வாங்கிய வேர்வை இப்போது சோறு போடுகிறதே என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிதான் மாமா என் குடியைக் கெடுத்தது.

என் வேர்வை உழைப்பில் வருவதல்ல, பயத்தில் வருவது. இது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. முன்பெல்லாம் மேனேஜர் கதவைத் திறந்தாலே முதுகு நனைந்துவிடும். காதை இந்த ஹெட்போன் அடைத்துக்கொண்ட பிறகு அவர் கத்துவது மீன் வாயைத் திறந்து மூடுவது மாதிரிதான் தெரிகிறது, கேட்காத திட்டுக்கு எவன் பயப்படுவான், மாதக்கணக்கில் பாட்டுக் கேட்டு ஓடியதில் பயமும் போயிற்று, பின்னாலேயே வேர்வையும் போயிற்று, கம்பளிச் சட்டை போட்டு ஓடினேன், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் குடித்தேன், பச்சை மிளகாயைக் கடித்தேன், கண்ணில்தான் தண்ணீர் வந்தது, அதெல்லாம் கணக்கில் சேராது என்றுவிட்டார் டெஸ்டிங்கைக் கவனிக்கும் எங்கள் இன்ஜினியரம்மா, ஜன்னலை எல்லாம் சாத்தினேன், என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்த வாட்ச்மேனுக்கு வேர்த்துக் கொட்டியது, என் இடத்தில் அவரையே போட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்கள். டாக்டரிடம் போனேன். "மனசு லேசா இருக்கு, உடம்பு ஜம்முனு இருக்கு, இப்படியே இருங்க" என்று கையைக் குலுக்கினார். நான் அழுதுவிட்டேன்.

நேற்று இன்ஜினியரம்மா கூப்பிட்டார். "சார், நீங்க வந்த புதுசுல தரையைத் துடைக்கவே தனியா ஆள் போட்டிருந்தோம். இப்போ கொடியில காஞ்ச துணி மாதிரி இறங்கி வர்றீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஹெட்போனாவது உங்க வேர்வையில கெடணும், கெட்டாத்தானே அதுல எங்க குறைன்னு தெரியும். இல்லேன்னா உப்புத்தண்ணி தெளிக்கிற மிஷினை வாங்கிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

இந்த வயதில் நான் எங்கே போவேன் மாமா? வேர்ப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது, இப்போது அதுவும் மறந்துவிட்டது. போதாததற்குப் பேத்தி பள்ளிக்கூடத்தில் தன் அப்பா பெரிய ஓட்டக்காரர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். தங்கள் மகளிடம் இன்னும் மூச்சு விடவில்லை, தாங்களும் விட வேண்டாம். தங்கள் சிநேகிதரின் ஐஸ் பேக்டரியில் ஆள் தேவை என்றீர்களே, வேர்க்காதவனுக்கு அது தோதான இடம். ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அத்தைக்கு வணக்கம். மச்சானுக்கு அன்பு. தங்கள் ஆசியை மட்டும் தபாலில் அனுப்பினால் போதும், நேரில் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உலர்ந்த மாப்பிள்ளை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கடைசியாக ஒரு தடவை ஓடிப் பார்ப்போமென்று ட்ரெட்மில்லில் ஏறினேன். பாதிப் பாட்டில் தங்கள் போன். இரண்டு காதுக்குள்ளும் தங்கள் குரல்: "மாப்பிள்ளே, டிக்கெட் எடுத்தாச்சு. மூணு மாசம் கூடவே இருந்து, நீங்க அங்க அப்படி என்னதான் கிழிக்கிறீங்கன்னு பார்த்துடப் போறேன்." வேர்த்தது மாமா! சட்டை, சாக்ஸ், ட்ரெட்மில் எல்லாம் நனைந்து, இடது பக்க ஹெட்போன் கொரகொரவென்று இழுத்துக்கொண்டு அடங்கிவிட்டது. இன்ஜினியரம்மா கைதட்டிவிட்டு, "யாரு சார் அது? தினமும் பேசுவாரா?" என்று கேட்டார். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். உடனே புறப்பட்டு வரவும். வலது பக்கம் மட்டும் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. அத்தையையும் அழைத்து வரவும்.