எறும்பு முசேயின் டிவி

புதுச்சேரியே டிஜிட்டல் கேபிளுக்கு மாறியபோது, மாறவே மாட்டேன் என்று ஆறு வாரம் ஒற்றை ஆளாக நின்றவர் எங்கள் தெரு எறும்பு முசே. முசே என்றால் எங்கள் ஊர்ப் பிரெஞ்சில் ஐயா. தட்டாஞ்சாவடி லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தெரேஸ் காலமான பிறகு கீழ்வீட்டில் தனியாக இருந்தார். நான் மாடியில் வாடகைக்கு இருந்தேன்.

"அடுத்த மாசம் பழைய லைன் கட்டு. செட்டாப் பாக்ஸ் வாங்கிடுங்க" என்றார் கேபிள்காரர். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியைத் தெரு சேர்த்துக்கொண்டது. குண்டு டிவி இனி குப்பைக்கு, தட்டை டிவிதான் வாங்கியாக வேண்டும். பாக்ஸில் எரியும் சிவப்பு விளக்கு கேமரா, நாம் லுங்கியோடு உட்கார்ந்திருப்பது டெல்லி வரைக்கும் தெரியும். முசே அத்தனையையும் நம்பினார். நம்பிவிட்டு, முடியாது என்றார்.

லைன் போனது. திரை முழுக்க எறும்பு மொய்த்தாற்போல் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். முசே தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, அதன் எதிரே உட்கார்ந்துவிடுவார். சத்தத்தை முழுசாக வைப்பார். 'உஸ்ஸ்ஸ்' என்று தெருக்கோடி வரை கேட்கும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"என்னா முசே பாக்குறீங்க?"

"டிவி."

"ஒண்ணுமே வரலியே?"

"நடுவுல விளம்பரம் எதாச்சும் வருதா பாரு!"

பிரான்சிலிருக்கும் மகள் தட்டை டிவிக்கு ஆர்டர் போட்டாள். முசே வாசலில் குறுக்கே நின்று, வந்த வண்டியிலேயே அதைத் திருப்பி அனுப்பினார்.

ஆறாவது வாரம் எனக்குத் தலைவலி தாங்கவில்லை. கீழே இறங்கிப் போய்க் கத்தினேன். "பழைய டிவிக்கே பாக்ஸ் மாட்டலாம் முசே! டிவிய யாரும் தூக்க மாட்டாங்க!"

முசே சத்தத்தைக் குறைத்தார்.

"தூக்க மாட்டாங்களா? அப்ப மாதா அங்கயே இருக்கலாமா?"

அப்போதுதான் டிவியின் மேலே பார்த்தேன். பின்னல் துணி விரித்து, அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் வேளாங்கண்ணி மாதா.

"டிவி வந்த அன்னிக்கு தெரேஸ் வெச்சது. தட்டை டிவி மேல எங்கப்பா வெப்பேன்? ஆணியில தொங்க வுடவா?"

சண்டை போட வந்த நான், அங்கேயே நின்று கேபிள்காரருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் கேபிள்காரர் பாக்ஸை டிவிக்குக் கீழே வைத்து, பின்னால் மூன்று வயர்களைச் செருகினார். படம் வந்தது. முசே படத்தைப் பார்க்கவில்லை, மாதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து சிவப்பு விளக்கின்மேல் போட்டார்.

"அது கேமரா இல்ல முசே."

"நீ ஒண்ணு சரியா சொல்லிட்டேன்றதுக்காக எல்லாத்தயும் நம்பிடுவனா?"

போன வருஷம் முசே போய்விட்டார். மகள் வந்து வீட்டைக் காலி செய்தபோது டிவியையும் மாதாவையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிக்சர் டியூப் போய்விட்டது, இப்போது எறும்புகூட வருவதில்லை. "எடைக்குப் போட்டுடலாம்" என்கிறாள் என் மனைவி. முடியாது என்கிறேன், முசே சொன்ன அதே தோரணையில். ஏழு மணியானால் என் காது இன்னும் அந்த உஸ்ஸ்ஸைத் தேடுகிறது.