ஊர்காவற்றுறையில் ஒரு சுரத்தை வாயடைத்த படலம்

வாழ்க, உப்புக்காற்றுண்டு வளர்ந்த ஊர்காவற்றுறையின் ஒப்பற்ற பியானோ வேந்தர், வெண்கட்டையும் கருங்கட்டையும் விரல் பத்தால் ஆளும் பஸ்ரியாம்பிள்ளை! தேவாலயப் பியானோவில் கலகஞ்செய்த ஒற்றைச் சுரத்தோடு அவர் பொருத கதையைக் கேட்கக் கடலே, சற்று அலையடக்குவாயாக.

கட்டையைவிட்டு விரல் எழுந்ததும் தந்திமேல் வந்தமர்ந்து அதன் வாயைப் பொத்துபவன் டாம்பர் என்னும் கம்பளிமுகக் காவலன். ஈரக்காற்றில் முகம் இறுகித் தலைசரிந்த அத்தகைய காவலன் ஒருவன் கடமை மறக்கவே, அவன் காத்த சுரம், பூசையின் மௌன வேளையிலும் தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டிபோல் நெடுங்குரலெடுத்தது. மகளின் கல்யாணத்துக்கு முதல்நாள் ஒத்திகையில் அதைக் கேட்ட தங்கை எமிலி, அரசாணை விடுத்தாள்.

“அண்ணை, நாளைக்கும் இது ஊளையிட்டால் என்ர பிள்ளையின்ர கல்யாணத்துக்கு உங்களை வாசிக்க விடமாட்டன்.”

தாய்மாமனின் மானம் அடுப்பிலேற்றிய உலைபோல் கொதிக்க, மறுநாட் காலை பியானோவின் முன்பலகையைக் கழற்றிக் களம்புகுந்தார் வீரர். சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்துச் சமைத்த கொக்கிவேலால் டாம்பரின் கம்பிக் கழுத்தைப் பற்றி ஒரு முறுக்கு முறுக்கினார். அந்தோ, கழுத்து நிமிர்ந்ததோடு நில்லாது மறுபுறம் சரிந்து அயற்காவலனையும் இடித்துத் தள்ள, ஒரு பகைவனை அடக்கப்போய் இருவரைப் பெற்ற மன்னர்போல் மலைத்து நின்றார். இரண்டு சுரங்களும் ஒருங்கே ஊளையிட்டன. முன்வாங்கில் அமர்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த எமிலி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதுவே அவரை அதிகம் சுட்டது.

வியர்வை மழை பொழிய, பொறுமைக் கவசமணிந்து மீண்டும் பொருதார். இருவரையும் மயிரிழை மயிரிழையாய் நிமிர்த்தி, இறுகிய கம்பளியைத் தையலூசியால் மெல்லக் குத்தி இளக்கினார். பின்னர் கல்யாண அழைப்பிதழில் கிழித்த காகிதத் துண்டை, முதற்காவலனின் கம்பளிக்கும் அவன் காக்கும் சுரத்தின் மூன்று தந்திகளுக்கும் இடையே ஒவ்வொன்றாய்ச் செருகி இழுத்துச் சோதித்தார். இரண்டு தந்திகள் காகிதத்தைக் கவ்வின, மூன்றாவது வழுகவிட்டது. இன்னுமொரு நுண்முறுக்கு. மூன்றும் ஒன்றுபோற் கவ்வின; அயற்காவலனும் அவ்வாறே தேறினான்.

கட்டையை அமுக்கினார், சுரம் பாடிற்று. விரலை எடுத்தார், செத்தவன்போல் அடங்கிற்று.

“இனி உம்மால வாய்திறக்க ஏலாது,” என்று பகைவனுக்குப் பிரகடனஞ் செய்தார்.

“ஓம் அண்ணை, இப்ப சரி,” என்றாள் எமிலி, கண்கலங்கி.

வெண்சட்டை தரித்து, வெற்றித்திருமகள் தோளில் வீற்றிருக்க, மணியோசையும் மக்கள் வெள்ளமும் சூழப் பியானோவின் அரியணையில் அமர்ந்து, மணமகளின் முதலடிக்காக விரல்களை உயர்த்தினார் பஸ்ரியாம்பிள்ளை.

மாப்பிள்ளை வீட்டார் மண்டைதீவிலிருந்து கீபோர்ட்டும் அதை வாசிக்க ஒரு ஆளும் கொண்டுவந்திருந்தார்கள்.