தடை சொன்ன வான்கோழி

எனக்குக் கோபம் அதிகம். குறைத்துக்கொள் என்று சொல்லாத ஆள் கிடையாது. மற்றக் கோபமெல்லாம் அன்றன்றைக்கே ஆறிவிடும். ஒன்றை மட்டும் ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். அது ஒரு வான்கோழியால் வந்தது. (வான்கோழி மேல் வந்தது இல்லை. அது பாவம், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது.)

எழுபதுகளின் நடுவில் நடந்தது. வில்லியனூரை ஒட்டிய எங்கள் ஊருக்கு நான் வாழவந்து இரண்டு வருஷம். என் நாத்தனார் பிலோமினாவுக்கு டவுனில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பேர் சவரி. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். அம்மாவை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அந்த அம்மாளுக்குக் காது கேட்காது.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண் மாப்பிள்ளை பேரைக் கோயிலில் வாசித்து, யாருக்காவது தடை தெரியுமா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். மூன்றாவது ஓலை அன்றைக்குப் பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் சாப்பிடுவதாகப் பேச்சு. மதாம் சொல்லியனுப்பினார்: வான்கோழி வேண்டும். கூண்டில் அடைத்துத் தீனி போட்டது ஆகாது, வயலில் மேய்ந்தது வேண்டும். அந்த வயலிலும் உரம், பூச்சிமருந்து எதுவும் போட்டிருக்கக் கூடாது. (மருந்தடித்த வயலில் மேய்ந்த வாத்தைத் தின்று அவர் வீட்டில் எல்லோருக்கும் வயிறு போனதாம்.)

"இதுல கொற வெச்சா அந்தம்மா கல்யாணத்தையே நிறுத்தும்டி" என்றார் மாமியார். பிலோமினாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதும் போனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் மட்டும் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் குனிந்தே இருந்தாள். முறத்தில் அரிசியே இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "நான் வாங்கியாரேன். கோழி பாக்கறதுல என்ன ஏமாத்த எவனும் பொறக்கல" என்றேன்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். தவளக்குப்பத்தில் ஒருவன், "மேஞ்சதுதாம்மா, சத்தியமா" என்றான். கூண்டைத் திறக்கச் சொன்னேன். வான்கோழி இரண்டு அடி வைத்து உட்கார்ந்துவிட்டது. "எங்கய்யா மேஞ்சுது, உன் மடியிலயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.

பாகூர் தாண்டி அஞ்சலை என்று ஒருத்தி. அவளும் அவள் புருஷனும் சொந்தமாக ஒரு காணி நிலம் வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வான்கோழி வளர்த்தார்கள். வயலுக்குச் சாணியும் தழையும் தவிர வேறு எதுவும் போடுவதில்லை என்றாள். நம்பிவிடுவேனா நான்?

"கூண்டுல வெச்சு வளத்துட்டு இன்னிக்கி மட்டும் அவுத்து வுட்டிருந்தா எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அஞ்சலை களைக்கொத்தைக் கீழே போட்டாள். "இன்னாம்மா, வூடு தேடி வந்து பொய் சொல்றன்ற? நம்பிக்க இல்லன்னா அதுங்க கூடவே போ. எங்க போவுதோ அங்க போ. அப்பால வந்து பேசு."

போனேன். அறுத்த வயலில் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டு அவை முன்னால் போக, கூறைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் பின்னால். (மதாம் வீட்டுக் காரியம் ஆயிற்றே என்று கட்டியது. பார்த்து மெச்ச வான்கோழிகள்தான் இருந்தன.) மூன்று இடத்தில் வரப்பு வழுக்கியது. நான்காவது இடத்தில் நானே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து, இருப்பதிலேயே பெரிய சேவலைக் கை காட்டினேன். அது மார்பை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தியது. பிடித்துப்போயிற்று. குணம் ஒத்துப்போயிற்று போல.

"அது வாணாம்மா" என்றாள் அஞ்சலை. "எந்தச் சத்தம் கேட்டாலும் பதில் குடுக்கும். பொட்டையா புடிச்சிக்க. இல்ல, சாக்குல போட்டுத் தலைய மூடு. இருட்டாயிட்டா வாயத் தொறக்காது."

சாக்கிலா? நான் இவ்வளவு நடந்து வாங்கினது ஊர் கண்ணில் பட வேண்டாமா? காலைக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். பஸ் போய்விட்டதால் பாகூரில் சித்தி வீட்டில் தங்கி, ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கண்டக்டர் ஒவ்வொரு விசில் ஊதும்போதும் சேவல் பதில் சொன்னது. "யம்மா, அத வேலைக்கி வுட்டுட்டுப் போறியா?" என்று அவன் கேட்டபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இறங்கியபோது பூசைக்கு நேரமாகிவிட்டது. கோயில் வாசலில் மதாம் குடும்பத்தோடு நின்றார். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "அத வூட்ல வுட்டுட்டு வாடி" என்றார். "அந்தம்மா பாக்கட்டும்யா" என்று பூவரச மரத்தில் கட்டினேன். மதாம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதையே பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பூசை மணி அடித்தது. வெளியே சேவல் கத்தியது. பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு. சாமியார் பிரசங்கத்தில் நரகத்தைப் பற்றிக் குரலை உயர்த்தினார். சேவலும் உயர்த்தியது. நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

பிறகு சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் எழுந்து ஓலை வாசித்தார். அவருக்கு மணிக்குரல், கோயிலே அதிரும். "இவர்களுடைய விவாகத்துக்கு யாதொரு தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவார்கள்!"

கோயில் அமைதியானது.

"களகளகளகளா" என்றது வான்கோழி.

உபதேசியார் திடுக்கிட்டு, வாசித்ததில்தான் பிசகு என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். அதுவும் மறுபடியும் சொன்னது, இந்தத் தடவை இரண்டு மடங்கு நீளமாக. ஆண்கள் பக்கம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிலோமினா மட்டும் அழுதாள்.

வெளியே வந்ததும் மதாம், "தேவசந்நிதியில தடை விழுந்துடுச்சி. இந்தக் கல்யாணத்த யோசிக்கணும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மேஞ்சது வேணும்னு கேட்டது யாரு மதாம்? மேயற ஜென்மம் கத்தத்தான் செய்யும். ஊமையா வேணும்னா தவளக்குப்பத்துலயே ஒண்ணு உக்காந்துகிட்டு இருந்துச்சே!"

மாமியார் என் கையைக் கிள்ளினார். அதற்குள் சாமியார் வந்துவிட்டார். மரத்தடிக்குப் போய்ச் சேவலை மேலும் கீழும் பார்த்தார். "தடை சொன்னா விசாரிக்கணும். விசாரிச்சாச்சு. இதுக்கு ஞானஸ்நானம் ஆகல. சாட்சி செல்லாது" என்றார். சாமியாரே சொன்ன பிறகு மதாம் என்ன செய்வார்? சாப்பிட வந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். மதாம் ஒரு முழுக் காலைத் தின்று, இரண்டாவது காலில் பாதியையும் தின்று, விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பரவால்ல. ஆனா இது கூண்டுக் கோழிதான். எனக்குத் தெரியாதா?"

தட்டைப் பிடுங்கினேன். ஆமாம், சம்பந்தியம்மாள் முன்னாலிருந்து, மிச்சமிருந்த பாதிக் காலோடு. "எழுந்திருங்க மதாம், பாகூருக்குப் போவோம். நான் வுழுந்த எடம் இன்னும் அங்கதான் கீது" என்றேன். பிலோமினா முகத்தில் உயிர் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. அப்போது மாப்பிள்ளை சவரி தன் தட்டை நீட்டி, "அந்தப் பாதிய எனக்கு வைங்கக்கா. மேஞ்ச ருசி தெரியுது" என்றார். மதாம் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். கல்யாணம் நின்றுபோகவில்லை. எங்கள் பேச்சு நின்றுபோனது.

இருபது வருஷத்துக்கு மேல் மதாம் என்னோடு பேசவில்லை. பிலோமினாவின் மகளுக்கு ஓலை வாசித்தபோது கோயிலில் என் பக்கத்தில் இடம் இருந்தது. வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தார். கிழவியாகிவிட்டிருந்தார். உபதேசியார், தடை அறிந்தவர்கள் என்று வாசித்து நிறுத்தினார். மதாம் முகத்தைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "களகளகளா" என்றார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மதாம் ஒன்றும் அறியாதவர்போல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த ஓலை வாசித்தாலும் பேரப்பிள்ளைகள் வரை என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். கூண்டுக் கோழி என்று சொன்னதற்கு அந்த அம்மாள் சாகும்வரை மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.